கூத்துக் களத்திலிருந்து வசனப் பேப்பருக்கு

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணை அண்ணாந்து பார்த்தால், புளிப் பானைக்கும் சாமை மூட்டைக்கும் நடுவே பதினான்கு அங்குல டி.வி. பெட்டி ஒன்று தூசி படிந்து கிடக்கும். 2006-ல் தொடங்கி அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி அது. படம் தெரிவது என்றைக்கோ நின்றிருக்கும். ஆனாலும் பழைய இரும்புக்காரரிடம் போட மனம் வராது. மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வீடுகளிலும் இதே கதைதான். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் ஒரு காலமே எழுந்து வந்து நிற்கிறது. ஊராட்சி டி.வி. ரூம் வாசலில் மண் தரையில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்த்த காலம். செவ்வாய்க்கிழமை நாடகத்துக்காகச் சோற்றை முன்னதாகவே வடித்து வைத்த காலம். 1993 சித்திரை முதல் நாள் சன் டி.வி. வந்தபின், கேபிள் இழுத்த வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கமே கூடிய காலம். அப்புறம் ‘சித்தி’யும் ‘மெட்டி ஒலி’யும் ஓடும் நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துபோன காலம். நடிகர் நடிகையரின் பெயர் எல்லோருக்கும் மனப்பாடம். தலைப்புப் பாட்டு முடிவதற்குள் ‘வசனம்’ என்று ஒரு பெயர் வந்து போகும். அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள் ஊருக்கு ஒருவரோ இருவரோதான் இருந்தார்கள். அவர்களுக்குத்தான் அந்த ஆசை பற்றிக்கொண்டது. அந்த இடத்தில் நம் ஊர்ப் பெயர் ஒன்று வருமா, வர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அவர்களை விடவே இல்லை. இன்றைக்கும் கள்ளக்குறிச்சியில் அந்தக் கேள்வியோடு இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆசை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரு கதையை நம்பி நிற்கிறார்கள். இதுவரை யாருமே சொல்லாத கதை, கேட்டவுடன் சேனல்காரர் எழுந்து நின்று கைகொடுக்கும் கதை. அதை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். என் கணிப்பு வேறு. தமிழ்த் தொலைக்காட்சிக்குள் புதிய எழுத்தாளரை அழைத்துப் போவது கதை அல்ல, வசனம். இன்னும் குறிப்பாகச் சொன்னால், நாளைக்குப் படமாக வேண்டிய காட்சியை இன்றைக்கு இரவே எழுதிக் கொடுக்கிற திறமை. நெடுந்தொடரின் வேலைப் பிரிவினையைப் பார்த்தால் இது விளங்கும். மூலக்கதை பெரும்பாலும் இயக்குநரிடமிருந்தோ தயாரிப்பு நிறுவனத்திடமிருந்தோ வரும். இல்லாவிட்டால் வேறு மொழித் தொடரின் உரிமை வாங்கி வரும். அடுத்த சில வாரங்களுக்கான ‘டிராக்’ கதை விவாதத்தில் முடிவாகும். அதைத் திரைக்கதைக்காரர் எபிசோடு எபிசோடாக, காட்சி காட்சியாகப் பிரித்துக் கொடுப்பார். கடைசியாக அந்தக் காட்சிகளுக்கு வாய் கொடுப்பவர் வசனகர்த்தா. மேலே உள்ள படிகளில் புதியவருக்கு இடம் கிடைப்பது அரிது. பணம் போட்டவர் முன்பின் தெரியாத ஒருவரின் கதையை நம்பி ஆண்டுக்கணக்கான தொடரைத் தொடங்க மாட்டார், அதில் தவறும் இல்லை. கடைசிப் படியில்தான் ஓயாத பசி. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,533 எபிசோடுகள் ஓடியது. விளம்பரம் போக எபிசோடுக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் 500 மணி நேரத்துக்கு மேல். இரண்டரை மணி நேரச் சினிமா 200 எடுக்கிற அளவு. ‘சந்திரலேகா’ 2,300 எபிசோடுகளையும் தாண்டியது. இவ்வளவு பேச்சையும் ஒரே கை எழுதித் தீர்க்க முடியாது. உதவிக்கு ஒருவர் வேண்டும், உடம்பு முடியாத நாளில் ஈடுகட்ட ஒருவர் வேண்டும், கிளைக்கதையை மட்டும் கவனிக்க ஒருவர் வேண்டும். இந்த ‘ஒருவர்’தான் புதியவர்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை ஒரு வசனப் பேப்பரை வைத்தே சொல்லிவிடலாம். மேலே காட்சி எண், இடம், உள்ளா வெளியா, பகலா இரவா, யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம். அதன் கீழே தாள் நடுவில் பிரிந்து, இடப்பக்கம் ஆள் என்ன செய்கிறார் என்றும் வலப்பக்கம் என்ன பேசுகிறார் என்றும் இருக்கும். பல நாள் இந்தத் தாள் படப்பிடிப்பு நடக்கும் வீட்டுக்கு வந்து சேரும்போது நடிகர் மேக்கப் போட்டு முடித்திருப்பார். மனப்பாடம் செய்ய நேரம் இருக்காது. கேமராவுக்குப் பின்னால் நின்று உதவி இயக்குநர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, நடிகர் அதை வாங்கிப் பேசுவார். ‘பிராம்ப்டிங்’ என்ற இந்த வழக்கம் வசனத்தின் எலும்பையே மாற்றிவிடுகிறது. ‘நீ அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் தம்பியிடம் சொன்ன அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை’ என்று எழுதினால், பிராம்ப்ட் சொல்கிறவருக்கே பாதியில் மூச்சு வாங்கும், நடிகர் பின்பாதியை விட்டுவிடுவார். ‘அன்னைக்கு வந்தே. என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னே. மறக்கல நான்’ என்று உடைத்தால் மூன்று துண்டும் முழுதாக வந்து சேரும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பார்வை, ஒரு திரும்பல், ஒரு குளோசப் கிடைக்கும். எடிட்டருக்கும் வெட்ட இடம் கிடைக்கும். புத்தகத்தில் படித்தால் இதில் அழகு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தத் தளத்தில் நிற்கிற எல்லோருடைய வேலையையும் அந்த மூன்று துண்டு சுலபமாக்குகிறது. அப்படி எழுதுகிற பையனையோ பெண்ணையோ அடுத்த நாளும் கூப்பிடுவார்கள். கதவு திறப்பது என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

முன்னால் போனவர்களைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. தூர்தர்ஷன் சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியபோது, தொலைக்காட்சிக்கென்று பழகிய எழுத்தாளர்கள் தமிழில் இல்லை. மேடை நாடகத்திலிருந்தும் வானொலியிலிருந்தும் பத்திரிகையிலிருந்தும் வந்தார்கள். தேவனின் துப்பறியும் சாம்பு, காத்தாடி ராமமூர்த்தியின் உருவத்தில் வீட்டுக்குள் வந்தது வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் வழியாக. தனியார் சேனல்கள் வந்தபின் மாத நாவல் உலகத்திலிருந்து தேவிபாலாவும் பட்டுக்கோட்டை பிரபாகரும் இந்திரா சௌந்தர்ராஜனும் சின்னத்திரைக்கு எழுதினார்கள். மதுரைவாசியாக இருந்த சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ இன்றைக்கும் பேசப்படுகிறது. அதன் ‘விடாது கருப்பு’ பகுதியில் கருப்பசாமி குதிரையில் வரும் இரவுக் காட்சிகளைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போகப் பயந்த பிள்ளைகள் நம் ஊர்களில் ஏராளம். ‘மெட்டி ஒலி’க்கு வசனம் எழுதிய பாஸ்கர் சக்தி தேனி மாவட்டத்துச் சிறுகதைக்காரர். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ எழுதிய ப்ரியா தம்பி விகடன் வாசகர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர். இவர்கள் யாரும் ஒரே ஒரு பெரிய கதையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தவர்கள் அல்லர். வாரா வாரம், மாதா மாதம், பக்கக் கணக்குக்கும் கெடுவுக்கும் உட்பட்டு எழுதிப் பழகியவர்கள். அந்தக் காலத்தில் அதற்குக் களம் இருந்தது. திருச்சி, புதுச்சேரி வானொலி நிலையங்களுக்கு ஊரிலிருந்தே நாடகம் எழுதித் தபாலில் அனுப்பலாம். வாரப் பத்திரிகைகள் சிறுகதைப் போட்டி வைத்தன. இன்று அந்தக் களங்கள் சுருங்கிவிட்டன. கெடுவுக்கு எழுதிப் பழக இடமில்லாமல் போனதுதான் இந்தத் தலைமுறையின் உண்மையான இழப்பு என்று நினைக்கிறேன்.

ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பத்திரிகைக்கும் முந்திய ஒரு பள்ளிக்கூடம் உண்டு. திரௌபதை அம்மன் கோயில் பாரதம். பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் வெயிலில் பந்தல் போட்டுப் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவு கூத்து விடிய விடிய நடக்கும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, கர்ண மோட்சம் என்று நாளுக்கு ஒன்றாக நகர்ந்து, பதினெட்டாம் போர் முடிந்த காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடப்பான். மாலையில் தீமிதி. நாள் கணக்கில் ஒரே கதையை, ஒவ்வொரு நாளும் ஓரிடத்தில் நிறுத்தி, மறுநாள் அங்கிருந்து தொடர்ந்து சொல்லும் இந்த ஏற்பாடு நெடுந்தொடரின் ஏற்பாடேதான். கட்டியங்காரன் வந்து நேற்று நடந்ததையும் இன்று நடக்கப்போவதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக் கதையைத் தள்ளிக்கொண்டு போவான். தாமதமாக வந்தவருக்கும் இடையில் தூங்கி எழுந்தவருக்கும் கதை விட்டுப்போகாது. இதில் புதிய எழுத்தாளர் ஊன்றிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. துகில் உரியும்போது கண்ணன் சேலை தருவான் என்று கூட்டத்தில் இருக்கும் கடைசிக் கிழவி வரை தெரியும். தெரிந்தும் அன்றைக்கு ராத்திரி கூட்டம் நெரிகிறது. அடுத்தது என்ன என்ற ஆவலுக்காக அவர்கள் வருவதில்லை. துச்சாதனன் வேஷக்காரர் அந்த இடத்தை எப்படி எடுக்கப்போகிறார், பாஞ்சாலி சபையைப் பார்த்து என்ன கேட்கப்போகிறாள், அதை எந்த வேகத்தில் கேட்கப்போகிறாள் என்பதற்காகவே வருகிறார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் சித்திரைதோறும் அரவானுக்காகத் தாலி கட்டி மறுநாள் அறுத்து அழும் திருநங்கையருக்கும் மறுநாள் நடக்கப்போவது தெரியாததா? முடிவு தெரிந்த கதையை உயிரோடு வைத்திருப்பது பேச்சும் பாவமும்தான். நெடுந்தொடரின் மாமியார் கடைசியில் மனம் மாறுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ‘யாரும் சொல்லாத கதை’ என்ற நம்பிக்கையை விடச் சொல்கிறேன்.

பேச்சு என்றதும் அடுத்த கேள்வி, எந்தப் பேச்சு? நம் தொடர்களில் மதுரைத் தமிழ் கேட்கிறது, காரைக்குடித் தமிழ் கேட்கிறது, கொங்குத் தமிழ் கேட்கிறது, அவ்வப்போது நெல்லைத் தமிழும் வருகிறது. திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி, விருத்தாசலம் என்று பரந்து கிடக்கும் நடுநாட்டின் தமிழ் மட்டும் சின்னத்திரையில் ஏறவில்லை. பேச்சுக்கு வளம் இல்லாததால் அல்ல; எழுதப் போனவர்கள் ஊரைத் தாண்டியதும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கண்மணி குணசேகரன் இந்த வட்டாரத்துக்கென்று ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யே தொகுத்துக் கொடுத்திருக்கிறார். இமையத்தின் நாவல்களில் இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் கோபத்தையும் துக்கத்தையும் எப்படிப் பேசுகிறார்கள் என்று படிக்கக் கிடைக்கிறது. ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கச்சிராயபாளையம் பக்கத்து வீடு. ஆலையிலிருந்து கரும்புப் பணம் வரவில்லை. பெண்ணின் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருக்கிறார் அப்பா. தொடர்த் தமிழில் அம்மா, ‘என்கிட்ட ஒரு வார்த்தைகூடக் கேட்காம நீங்களே முடிவு எடுத்துட்டீங்க இல்ல? அப்ப இந்த வீட்ல எனக்கு என்ன மரியாதை?’ என்பாள். நம் ஊர் அம்மா அப்படிப் பேச மாட்டாள். அடுப்பைப் பார்த்தபடியே, ‘சோறு அந்தாண்ட இருக்குது. நீயே போட்டுத் தின்னு’ என்பாள். பெண்ணைக் கூப்பிட்டு, ‘ஏண்டி, எடுத்துவச்ச பொடவைய மடிச்சு உள்ள வையி. எலி கடிச்சிடப் போவுது’ என்பாள். மரியாதை என்ற சொல்லே வரவில்லை. ஆனால் அவமானம், ஏமாற்றம், புருஷன்மேல் இருக்கும் இரக்கம்கூட அந்த இரண்டு வரியில் இருக்கிறது. இப்படி எழுத ஒரு காது வேண்டும். அந்தக் காது சென்னையில் பிறந்து வளர்ந்தவருக்குச் சுலபமாக வாய்க்காது. நம் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. கையில் இருக்கும் சரக்கைக் கீழே போட்டுவிட்டு, அங்கே ஏற்கெனவே மலிந்து கிடக்கும் பொதுத்தமிழைக் கடன் வாங்கி எழுதினால் யார் இவர்களைத் தேடுவார்கள்?

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். எல்லா மாவட்டத்துக்கும் புரிகிற பேச்சைத்தான் சேனல் கேட்கிறது, ரேட்டிங் குறைந்தால் தொடரையே நிறுத்திவிடுவார்கள், வட்டாரத் தமிழெல்லாம் கலைப்படத்துக்குச் சரி என்பார்கள். பாதி உண்மை. யாருக்கும் விளங்காத சொற்களை அடுக்கினால் தொடர் நிற்காது. ஆனால் மேலே சொன்ன அம்மாவின் பேச்சில் கன்னியாகுமரிக்காரருக்கு விளங்காத சொல் எது? வட்டாரம் என்பது அரிய சொல்லில் இருப்பதைவிட, எதைச் சொல்லாமல் விடுகிறோம், எதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறோம் என்பதில் அதிகம் இருக்கிறது. ரேட்டிங் கணக்கும் மாறிவிட்டது. பார்வையாளர் கணக்கெடுப்பு நெடுங்காலம் நகரங்களோடு நின்றிருந்தது. 2015 அக்டோபர் முதல்தான் ‘பார்க்’ அமைப்பு ஊரக வீடுகளையும் சேர்த்து அளக்கிறது. அதாவது, கிராமத்து வீட்டில் ரிமோட்டை யார் வைத்திருக்கிறார் என்பது இப்போது வியாபாரத்துக்கும் முக்கியம். மக்கள் மனதில் நின்ற தொடர்களையும் எண்ணிப் பாருங்கள். திருமுருகனின் ‘மெட்டி ஒலி’யும் ‘நாதஸ்வர’மும், திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்ச’லும் ஊரும் பேச்சும் உள்ள மனிதர்களால் நின்றவை. 2020-ல் கொரோனா முடக்கத்தில் படப்பிடிப்பு நின்றபோது ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டார்கள். பதினைந்து ஆண்டுக்கு மேல் பழைய தொடர், முடிவும் தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வீடு உட்கார்ந்து பார்த்தார்கள். வடக்கே போனால் 1984-ல் தொடங்கிய இந்தித் தொடர் ‘ஹம் லோக்’. மெக்சிகோவில் மிகேல் சபிதோ செய்து காட்டிய வழியில், குடும்பக் கட்டுப்பாட்டைச் சொல்லித்தர வேண்டும் என்று தொடங்கினார்கள். முதல் 13 எபிசோடுகளில் போதனை தூக்கலாக இருந்ததால் எடுபடவில்லை. பிரசாரத்தைக் குறைத்து, ஒரு கீழ் நடுத்தரக் குடும்பத்தின் அன்றாடச் சச்சரவை மனோகர் ஷியாம் ஜோஷி எழுதியபின்தான் நாடே அதன் முன் உட்கார்ந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நல்ல எழுத்துக்காரனை ஏன் சீரியலில் கொண்டுபோய்த் தள்ளுகிறீர்கள், ஒரே முறைப்பை மூன்று முறை திருப்பிக் காட்டுகிற, விஷம் வைப்பதும் ஆள்மாறாட்டமுமாக ஓடுகிற இடத்தில் மொழி கெட்டுப்போகாதா என்று இலக்கிய நண்பர்கள் கேட்பார்கள். அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். வாரத்துக்கு ஆறு நாள் எழுதினால் தேய்மானம் உண்டு. ஆனால் தேய்வது யார் என்று பார்க்க வேண்டும். ஜோஷி ‘ஹம் லோக்’ எழுதியவர். அதற்கு இருபது ஆண்டுக்குப் பின் 2005-ல் ‘க்யாப்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். பாஸ்கர் சக்தியின் சிறுகதையிலிருந்துதான் 2011-ல் ‘அழகர்சாமியின் குதிரை’ படம் வந்தது. சீரியல் அவர்கள் கையைக் கெடுக்கவில்லை. அதோடு, அங்கே மட்டுமே வாய்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. ‘எதிர்நீச்ச’லில் ஆதி குணசேகரனாக வீடுவீடாகத் தெரிந்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ல் திடீரென்று காலமானார். கதையே அந்த ஒரு மனிதரைச் சுற்றித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமும் தொடர் வந்தாக வேண்டும். பாத்திரத்தைக் காணாமல் போகச் செய்து, அந்த வெற்றிடத்தை வைத்தே மற்றவர்களைப் பேசவைத்து, பிறகு வேல ராமமூர்த்தியை அதே பாத்திரமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது எப்படி வந்தது என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். ஆனால் துக்கம் ஆறாத தளத்தில் உட்கார்ந்து அந்த வாரக் காட்சிகளை எழுதியவர்களின் கைத்திறனை மட்டமாகப் பேச எனக்கு வாய் வராது.

வெப் சீரிஸ் வந்துவிட்டதே, அங்கே கதைதானே முதலில் என்று கேட்கிறவர்களும் உண்டு. உண்மைதான், ஏழெட்டு எபிசோடையும் முழுதாக எழுதி முடித்த பிறகுதான் படப்பிடிப்பு. ஆனால் அந்த வாசலில் நின்று பார்த்தால் ஏற்கெனவே வேலை காட்டியவர்கள்தான் முன்வரிசையில் இருக்கிறார்கள். 2022-ல் ‘சுழல்’ எழுதிய புஷ்கர் - காயத்ரி, அதற்கு முன் ‘விக்ரம் வேதா’ எடுத்தவர்கள். புதியவருக்கு அது இரண்டாவது வாசல்.

கடைசியாக, பணமும் சென்னையும். இதைத்தான் ஊரில் அதிகம் கேட்பார்கள், கேட்க வேண்டியதும்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு ஐந்தாறு மணி நேரப் பயணம். முன்பு கோயம்பேட்டில் இறங்கினால் வடபழனியும் சாலிகிராமமும் கூப்பிடு தூரம். இப்போது கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள், அங்கிருந்து இன்னொரு பயணம் இருக்கிறது. அறை வாடகை, சாப்பாடு, ஊரில் காத்திருக்கும் அம்மா அப்பா. முதல் இரண்டு ஆண்டு சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்காது. தெரிந்தவர் இல்லாமல் உள்ளே போவதும் கடினம். இதையெல்லாம் மறைத்து யாரையும் பஸ் ஏற்றிவிடக் கூடாது. வேலை ஒன்றில் இருந்துகொண்டே, ஊரிலிருந்தபடியே, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொடரை எடுத்து அதன் நாளைய எபிசோடை இன்று இரவு எழுதிப் பாருங்கள் என்றே சொல்வேன். ஒரு மாதம் எழுதி, மறுநாள் டி.வி.யில் வருவதோடு ஒப்பிட்டால் எங்கே தளர்கிறோம் என்று தானே தெரிந்துவிடும். யாரையாவது பார்க்கப் போகும்போது கதைச் சுருக்கத்தைவிட இந்தக் காட்சித் தாள்களைக் கொண்டுபோவது மேல். கதை திருட்டுப் போய்விடுமே என்ற பயத்துக்கும் இதுவே மருந்து. ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர், தன் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தைத் திருடி ‘நியூ டெல்லி’ என்று படமெடுத்துவிட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். கருவுக்குக் காப்புரிமை கிடையாது, அதை எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978-ல் தீர்ப்பு வந்தது. அவர் தோற்றார். வாயால் சொன்ன கதைக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. எழுதிய காட்சிக்கு இருக்கிறது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, எழுத்தாளரின் ராயல்டி உரிமையையும் அவர் கையைவிட்டு எளிதில் போகாதபடி எழுதிவைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதை ஒருமுறை படிக்காத எழுத்தாளர் இருக்கக் கூடாது.

மலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலை மலையாளிப் பழங்குடி மக்கள் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தவர்கள். ஜாகிருக்கு வரி கொடுத்த தாத்தாவும், கல்லூரிப் படிப்பு முடித்துச் செல்போனில் தொடர் பார்க்கும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் இன்றும் இருக்கக்கூடிய மலை அது. கடுக்காய் பொறுக்கப் போகிற காடு, வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போகிற ஆண்கள், கோமுகி அணைப் பக்கம் இறங்கிவரும் பாதை, மழை பெய்தால் நின்றுபோகும் பஸ் என்று எத்தனை குடும்பக் கதைகள் அங்கே கிடக்கின்றன! வெளியுலகத்துக்கு அந்த மலை தெரியவருவதோ சாராய ஊறல் அழிப்புச் செய்தியாக மட்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, கள்ளக்குறிச்சிக்கும் அதுவே முகவரி ஆனது. கேமராக்கள் வந்தன, அழுதவர்களின் முகத்துக்கு நேராக மைக் நீட்டின, போய்விட்டன. அந்த வீடுகளில் அடுத்த மாதம் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுத யாரும் வரவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் அந்தத் தெருவிலும் அந்த மலையிலும்தான் இருக்கிறார்கள்.

அவர்களுடைய முதல் எழுத்துக்கு ஆயிரம் எபிசோடு ஓடும் தொடர் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கு வேறொரு வடிவம் வேண்டும். அது நமக்குப் புதியதும் அல்ல. பாலு மகேந்திரா சன் டி.வி.யில் ‘கதை நேரம்’ என்று வாரம் ஒரு தமிழ்ச் சிறுகதையை எடுத்து, அரை மணிக்குள் முழுக்கதையும் சொல்லி முடித்தார். இரண்டு மூன்று நடிகர், ஒரு வீடு, சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம், அவ்வளவுதான் செலவு. தனியார் சேனல் இன்று அதற்கு இடம் கொடுக்காது, ரேட்டிங் கணக்கு விடாது. பொதுப் பணத்தில் நடக்கும் தூர்தர்ஷனுக்கு அந்த நெருக்கடி இல்லை. பொதிகையாக இருந்த அதன் தமிழ்ச் சேனலுக்கு 2024 ஜனவரியில் ‘டிடி தமிழ்’ என்று பெயர் மாற்றிப் புதுப்பித்திருக்கிறார்கள். வாரத்துக்கு அரை மணி நேரம், மாவட்டத்துக்கு ஒருவர் என்று புதிய எழுத்தாளர்களுக்கு ஒதுக்கி, கைப்பிரதியைத் தபாலில் வாங்கி, படித்துப் பார்த்து, தேறியதைப் படமெடுத்து, எழுதியவர் பெயரை நிதானமாகப் படிக்கும்படி திரையில் போட்டால் போதும். வெள்ளிமலைப் பெண் ஒருத்தி எழுதிய அரை மணி நேரத்தை அந்த நிலையத்தால் எடுத்து ஒளிபரப்ப முடியும். அதைக் கேட்டு எழுத வேண்டியவர்கள் நாம்.